எல்லைக் கிராமங்களும் இறுதியாட்டமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்தவுடன் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. தமிழ் எழுத்து பின்வாங்க, மலையாள எழுத்து முன்னிற்கிறது. சிறிது தொலைவில் பாறசாலை, அதற்கப்பால் அமரவிளை, அதனையும் தாண்டினால் நெய்யாற்றின்கரை. 1979-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப் பாதையும் இவ்வூர்களை ஊடறுத்தே செல்கிறது. எழுத்து மாறியதேயன்றி மண் மாறவில்லை. தென்னையும் வாழையும் மரவள்ளியும் இருபுறமும் ஒன்றுபோலவே நிற்கின்றன. மக்கள் பேச்சிலோ தமிழில் மலையாளமும் மலையாளத்தில் தமிழும் கலந்து ஒலிக்கின்றன.

இந்த எல்லை பழைமையானதன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூரினின்று பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் உடன் வந்தது. மார்ஷல் நேசமணி முதலிய தலைவர்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதியையும் வேண்டிப் போராடினர். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரை இன்றும் குமரி மாவட்டம் நினைவு கூர்கிறது. ஆயினும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் எல்லையூர்கள் ஆயின.

நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே கடற்கரைக்குச் சென்றால் இந்த எல்லைக் கோடு கடலில் போய் முடிவதைக் காணலாம். கோட்டிற்கு மேற்கே நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பொழியூர். கிழக்கே குமரி மாவட்டத்தின் நீரோடி. நீரோடியிலிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை எனக் குழித்துறை ஆறு கடலில் கலக்குமிடம் வரை மீனவர் ஊர்கள் தொடர்கின்றன. ஒரூர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குமிடத்தை வழிப்போக்கர் அறிதல் அரிது. இருபுறத்து மக்களும் ஒரே கடலில் வலை வீசுகின்றனர். ஒரே வகைக் கோயில்களில் திருவிழாக் கொண்டாடுகின்றனர். பெண் கொடுத்தும் கொண்டும் உறவாகி வாழ்கின்றனர். இவர்களை இணைக்கும் மற்றொன்றும் உண்டு. அதுவே கால்பந்து.

இச்சிறு கடற்கரை, மாநில அணிகளுக்கும் நாட்டின் பெரிய கழகங்களுக்கும் ஆட்டக்காரர்களை அளித்து வந்திருக்கிறது. தோற்றால் மறு வாய்ப்பு இல்லை என்னும் ஆட்டங்களில் இவ்வூர் இளைஞர் சிலர் நின்று வென்றிருக்கின்றனர். ஆதலின் ஒரு வினாவை இவ்வூர்களின் துணைகொண்டே ஆராய்தல் பொருந்தும். வென்றால் மேலே, தோற்றால் வீட்டிற்கு என்னும் ஆட்டத்தை, இந்நாளில் ‘பிளே ஆஃப்’ என்று வழங்கும் தீர்வாட்டத்தை, வெல்வதற்கு ஓர் அணி என்ன செய்தல் வேண்டும்?

தீர்வாட்டத்தின் தன்மையை முதலில் விளங்கிக் கொள்வோம். லீக் முறையில் ஓர் அணி பலமுறை ஆடுகிறது. இன்று இழந்த புள்ளியை அடுத்த வாரம் ஈட்டிக் கொள்ளலாம். நெடுங்காலத்தில் வலியவர் மேலே வருவர். எளியவர் கீழே செல்வர். தீர்வாட்டமோ ஒரு நாள் வழக்கு. அன்று கோல் காவலரின் கை ஒருமுறை வழுக்கினாலும், தற்காப்பாளர் ஒருவர் சினங்கொண்டு நடுவரால் வெளியேற்றப்பட்டாலும், ஓராண்டு உழைப்பு மாலைப் பொழுதிற்குள் வீணாகும். அதனால் சிறந்த அணி என்பதும் தீர்வாட்டத்தை வெல்லும் அணி என்பதும் எப்போதும் ஒன்றாய் இரா.

ஆட்டம் சமமாய் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கு முற்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மறு ஆட்டம். 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்திற்கான அரையிறுதியில் மோகன் பகான் அணி மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1–1 எனச் சமன் செய்தது. மறு ஆட்டத்தில் 3–0 என வென்றது. மற்றொரு வழி, நாணயத்தைச் சுண்டுதல். 1968-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோலின்றி நிற்கவே, நாணயம் இத்தாலிக்குச் சாதகமாய் விழுந்தது. அதே இத்தாலி இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவோடு 1–1 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 2–0 என வென்றது. ஒரே போட்டியில் இரு வழிகளும் கையாளப்பட்டமை காண்க.

வீரர் வியர்வை சிந்தி ஆடியபின் ஒரு நாணயம் முடிவு கூறுவது நேர்மையாகாது என்று பலரும் கருதினர். 1970-ஆம் ஆண்டு பெனால்டி உதை முறை விதிகளில் இடம் பெற்றது. பன்னிரண்டு கெஜத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 11 மீட்டரில், பந்து வைக்கப்படுகிறது. எதிரே 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோல். அதனைக் காக்க ஒரே மனிதர். வேகமாய் உதைத்த பந்து அரை நொடிக்குள் கோலை எட்டிவிடுகிறது. பந்தின் போக்கைப் பார்த்தபின் பாய்வதற்குக் காவலருக்கு நேரம் இல்லை. உதைப்பவரின் ஓட்டத்தையும் இடுப்பையும் நிலைக்காலையும் கண்டு முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். இது நற்பேறு என்பார் உளர். நாணயம் வேண்டுமானால் நற்பேறு. பெனால்டி உதை பழகினால் கைவரும் கலை. வங்கமும் கேரளமும் எதிர்த்து நின்ற சில இறுதியாட்டங்கள் இதற்குச் சான்றாகும்.

மாநிலங்களுக்கிடையிலான தேசியக் கால்பந்துப் போட்டியே சந்தோஷ் கோப்பை. சந்தோஷ் என்பது மகிழ்ச்சியைக் குறித்த சொல் அன்று; இன்றைய வங்காள தேசத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூர் மகாராஜா மன்மதநாத ராய் சௌத்ரியின் நினைவாக 1941-இல் இப்போட்டி தொடங்கியது. தொடங்கி முப்பத்திரண்டு ஆண்டுகள் கேரளம் கோப்பையைக் கண்டதில்லை. 1973 டிசம்பர் 27-ஆம் நாள் எர்ணாகுளத்தில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று முதன்முறை கோப்பையைப் பெற்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அவ்வணியைப் பயிற்றுவித்தவர் யார்? 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவிற்காக ஆடிய சைமன் சுந்தரராஜ், தமிழகத்தைச் சேர்ந்தவர். வட்டங்களுக்காக வழக்காடிய இரு மாநிலங்களுக்கிடையே, பதினேழு ஆண்டுகளுக்குப் பின், ஒரு தமிழர் எல்லை கடந்து சென்று கேரளத்தின் முதல் கோப்பைக்குத் துணைநின்றார். பிற மாநிலங்களில் பணிபுரியும் நம் நேயர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

அதன்பின் கேரளத்திற்கு வங்கம் பெருந்தடையாய் நின்றது. 1989-இல் இறுதியாட்டம் சமமாகிப் பெனால்டி உதையில் வங்கம் வென்றது. 1994-இல் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. இரண்டு முறையும் ஆடுகளத்தில் கேரளம் தாழ்ந்துவிடவில்லை. பன்னிரண்டு கெஜத் தொலைவில்தான் தாழ்ந்தது. இவ்விரு தோல்விகளின் பின்னணியில் நோக்கினால் 2018-ஆம் ஆண்டு வெற்றியின் சிறப்பு விளங்கும்.

2018 ஏப்ரல் முதல் நாள் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், வங்கத்தின் சொந்த மண்ணில், கேரளம் இறுதியாட்டம் ஆடிற்று. பயிற்சியாளர் சதீவன் பாலன். அணித்தலைவர் ராகுல் வி. ராஜ். 19-ஆம் நிமிடத்தில் ஜிதின் கேரளத்திற்கு முதல் கோலை அடித்தார். பிற்பாதியில் ஜிதேன் முர்மு சமன் செய்தார். கூடுதல் நேரம் முப்பது நிமிடம் தொடர்ந்தது. அந்நேரத்தில் வங்க வீரர் ஒருவர் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேறினார். 117-ஆம் நிமிடத்தில் விபின் தாமஸ் கோல் அடிக்க, கோப்பை கைக்கெட்டியதாகவே தோன்றிற்று. ஆனால் இறுதிக் கணங்களில் கிடைத்த ஃப்ரீ கிக்கைத் தீர்த்தங்கர் சர்க்கார் நேரே கோலுக்குள் செலுத்தினார். 2–2. அரங்கம் ஆர்ப்பரித்தது.

ஓர் அணியின் உள்ளம் உடைவது இத்தகைய வேளையில்தான். கையில் வந்தது நழுவியது என்ற எண்ணம் கால்களைக் கட்டிப் போடும். முன்னிரு தோல்விகளும் பெனால்டியில் நேர்ந்தவை என்ற நினைவும் உடன் வந்து வருத்தும். கேரள அணி அவ்வாறு உடையவில்லை. கோல் காவலர் மிதுன் வங்கத்தின் முதலிரண்டு உதைகளையும் தடுத்தார். கேரளத்தின் சார்பில் நால்வர் உதைத்தனர். நால்வரும் கோல் அடித்தனர். நான்காவதாகச் சென்று பந்தை வலைக்குள் செலுத்தி வெற்றியை முடித்து வைத்தவர் எஸ். சீசன். அவர் ஊர் பொழியூர். மறு ஆண்டு சந்தோஷ் கோப்பைக்குக் கேரள அணியின் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார்.

அந்நான்காம் உதையின் பின்னணியை எண்ணிப் பார்ப்போம். நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் அக்கடற்கரையைத் தாக்கியிருந்தது. திருவனந்தபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்தும் தூத்தூர் வட்டாரத்து ஊர்களிலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்ற மிகப் பலர் திரும்பவில்லை. எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே ஒப்பாரி எழுந்தது. அத்துயர் ஆறாத காலத்தில் அக்கரையிலிருந்து சென்ற ஓர் இளைஞர் அறுபதினாயிரம் இருக்கைகளுக்கு மேற்பட்ட பேரரங்கில் பந்தை வைத்து உதைத்தார். கேரளம் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைப் பெற்றது. அணியில் வேலையில்லாத வீரர்களுக்கு அரசுப் பணி வழங்குவதாகவும் கேரள அரசு அறிவித்தது. நகரத்து இரசிகருக்கு ஓர் உதை ஒரு மகிழ்ச்சி. மீனவக் குடும்பத்திலிருந்து வரும் இளைஞருக்கோ அது மாதச் சம்பளமாகவும் உடன்பிறந்தோர் படிப்பாகவும் மாறக்கூடியது. அத்தனைச் சுமையையும் பதினொரு மீட்டர் தொலைவிற்கு மறந்திருப்பதே பெனால்டி உதைப்பவரின் கலை.

மறக்கக் கற்பது எவ்வாறு? பழக்கத்தினால்தான். தீர்வாட்டத்திற்கு முந்தைய நாட்களில் பயிற்சியின் முடிவில், கால்கள் சோர்ந்த நிலையில், உதைகளைப் பழகுதல் வேண்டும். ஓய்ந்த கால்களே இறுதியாட்டத்தில் உதைக்கப் போகின்றன அல்லவா? யார் முதலில், யார் நான்காவது என்பதை முன்னரே உறுதி செய்தல் வேண்டும். எந்தப் பக்கம் உதைப்பது என்பதை நடுக்கோட்டிலிருந்து நடந்து வரும்போதே முடிவு செய்து, பின் மாற்றாதிருத்தல் வேண்டும். நடுவர் ஊதியவுடன் பாய்ந்து உதைக்காமல் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்குவதும் நன்று. எதிரணியினர் எப்பக்கம் உதைக்கும் வழக்கமுடையவர் என்பதைக் கோல் காவலர் அறிந்து வைத்திருத்தலும் ஆயத்தத்தின் ஒரு கூறே.

2022 மே 2-ஆம் நாள் மஞ்சேரி பய்யநாடு அரங்கில் இதே இரு அணிகளும் மீண்டும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. கூடுதல் நேரத்தில் வங்கம் முதல் கோலை அடித்தது. முடிவிற்குச் சில நிமிடங்களே இருந்தபோது சஃப்நாத் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டி உதைகளுக்குச் சற்றுமுன் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் ஒரு மாற்றம் செய்தார். காவலர் மிதுனை வெளியே அழைத்து ஹஜ்மலை உள்ளே அனுப்பினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வெற்றி தேடித் தந்தவரையே வெளியே அழைத்தல் எளிய முடிவா? ஆனால் தீர்வாட்டத்தில் பழைய புகழுக்கு இடமில்லை. அன்றைய தேவைக்கே இடம். கேரளம் 5–4 என வென்று ஏழாம் முறை கோப்பையைப் பெற்றது. மாற்று ஆட்டக்காரரைக் கடைசிவரை கையிருப்பில் வைத்திருந்ததும், தயங்காமல் பயன்படுத்தியதும் நாம் குறித்துக் கொள்ளத்தக்கவை.

ஆயினும் வெற்றி ஒருவருக்கே உரியதன்று. 2024 டிசம்பர் 31-ஆம் நாள் ஐதராபாத்தில் மீண்டும் இவ்விரு அணிகளும் இறுதியில் மோதின. தொண்ணூறு நிமிடம் கோலின்றிக் கழிந்தது. கூடுதல் நேரத்தை நோக்கி எல்லோரும் காத்திருந்தபோது, தடைபட்ட நேரத்திற்காக நடுவர் சேர்த்தளித்த நிமிடங்களில் ராபி ஹன்ஸ்தா கோல் அடித்தார். வங்கம் 1–0 என வென்று முப்பத்து மூன்றாம் முறை கோப்பையைக் கொண்டு சென்றது. தீர்வாட்டத்தில் ஊதல் ஒலிக்கும்வரை ஆட்டம் முடியவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மனம் அடுத்த கட்டத்திற்குத் தாவும் கணத்தில் தற்காப்பு வரிசை தளர்கிறது.

இனி, பின்தங்கிய அணி என்ன செய்தல் வேண்டும்? மோகன் பகானின் வரலாற்றிற்கே மீள்வோம். 1911 ஜூலை 29-ஆம் நாள் இறுதியாட்டத்தில் முதலில் கோல் அடித்தது கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு. மோகன் பகானில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்ஸ் அணிந்த படைவீரரை உடல் வலிமையால் வெல்ல முயன்றிருந்தால் அவர்கள் தோற்றிருப்பர். தம் இயல்பான குறும்பாஸ்களையும் விரைவையும் விடாது ஆடினர். முடிவிற்குச் சில நிமிடங்கள் இருந்தபோது அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். பின் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பின்தங்கிய அணி தன் ஆட்டத்தைக் கைவிட்டு நீளமாய்ப் பந்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கினால், எதிரியின் விருப்பத்தை நிறைவேற்றுவதாகவே முடியும்.

இதே பாடத்தை ஒரு நூற்றாண்டிற்குப் பின் எல்லைக்கரை இளைஞர் இருந்த ஓர் அணியிலும் காண்கிறோம். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும், திருவனந்தபுரத்துக் கடலோர ஊரான வெட்டுக்காட்டைச் சேர்ந்த ஜாபி ஜஸ்டினும் 2019–20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்தில் இடம் பெற்றிருந்தனர். இந்தியன் சூப்பர் லீக்கின் அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. முதலாட்டத்தில் பெங்களூரில் 0–1 எனத் தோற்றனர். மார்ச் 8-ஆம் நாள் கொல்கத்தாவில் நிகழ்ந்த இரண்டாம் ஆட்டத்திலும் பெங்களூரே முதலில் கோல் அடித்தது. இப்போது இரண்டு கோல் பின்னடைவு. சொந்த மண்ணில் கூட்டம் வாயடைத்து நின்றது. ஆயினும் பயிற்சியாளர் ஹபாஸின் அணி வரிசை குலையாது ஆடி, ராய் கிருஷ்ணாவின் ஒரு கோலாலும் டேவிட் வில்லியம்ஸின் இரு கோல்களாலும் 3–1 என வென்றது. மொத்தக் கணக்கில் 3–2. மார்ச் 14-ஆம் நாள் கோவாவில், கொரோனா தொற்றினால் பார்வையாளர் எவருமற்ற அரங்கில், சென்னையின் எஃப்.சி.யை 3–1 என வென்று கோப்பையையும் பெற்றது. குமரிக் கரையின் இளைஞர் கொல்கத்தா அணியில் இருக்க, எதிரே சென்னை அணி நின்ற காட்சி, புலம்பெயர்ந்து வாழ்வோரின் வாழ்க்கையையே ஒத்திருந்தது எனலாம்.

இரு ஆட்டத் தீர்வின் கணக்கும் இங்கே புலனாகிறது. வெளியூரில் ஒரு கோல் வேறுபாட்டில் தோற்பது முழுத்தோல்வி ஆகாது. அவ்வேளையில் சமன் செய்யும் ஆசையில் எல்லோரும் முன்னேறி இரண்டாம் மூன்றாம் கோல்களை வாங்கிக் கொள்வதே தோல்வி. சிறு இழப்பைச் சிறு இழப்பாகவே வைத்துக் கொண்டு ஊர் திரும்புவதும் ஒரு திறமை.

தமிழகக் கழகம் ஒன்றின் சான்றும் உண்டு. 2019 மார்ச் 9-ஆம் நாள் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி கழகம் மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஐ-லீக்கின் கடைசி ஆட்டத்தை ஆடியது. லீக் ஆட்டமேயாயினும், வென்றால் பட்டம் உறுதி என்ற நிலையால் அது தீர்வாட்டமாகவே ஆயிற்று. தொடக்கத்திலேயே சென்னை சிட்டி ஒரு கோல் வாங்கியது. பிற்பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி மூலம் சமன் செய்தார். பின்னர்க் கோல் அடித்து வென்றுதந்தவர் முன்னணி ஆட்டக்காரரா? அல்லர்; தற்காப்பாளரான கௌரவ் போரா இரு கோல்களை அடித்தார். 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் நின்றது. எதிரணி மான்சி போன்றோரையே கண்காணிக்கும் நாளில், எவரும் எதிர்பாராத ஒருவர் கோல் அடிக்கும் வழியைப் பயின்று வைத்திருத்தல் தீர்வாட்டத்திற்கு இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. தீர்வாட்டத்தின் கடைசி நிமிடத்தில் நாம் காணும் வீரம், பல மாதங்களுக்கு முன்னரே பழகிய சிறு காரியங்களின் விளைவு. வரிசை குலையாமை, சினம் அடக்கல், கையிருப்பு ஆட்டக்காரரைக் காத்தல், சோர்ந்த கால்களோடு உதை பழகல், ஊதல் ஒலிக்கும்வரை விழித்திருத்தல் என்னும் இவை எவையும் பிறவித் திறமை அல்ல. ஏழையூர் அணியும் செல்வர் அணியும் ஒன்றுபோலவே கற்கக்கூடியவை.

எல்லைக் கடற்கரையின் பிள்ளைகள் இவற்றை எங்கே கற்கின்றனர்? பெரும்பாலும் மணலில். மணலில் பந்து உருளாது. காலோடு ஒட்டிவைத்தோ மேலே தூக்கியோ ஆடவேண்டும். ஓடுவதற்கு இரு மடங்கு வலிமை வேண்டும். அம்மணலில் பழகிய கால் புல்தரையில் சிறகு பெறுகிறது. மேலும், திருவிழாவையும் விடுமுறையையும் ஒட்டி ஊர்க் கழகங்கள் நடத்தும் போட்டிகளில் நாக் அவுட் முறையே மிகுதி. ஊரே கூடி நிற்கும் கரையில், உறவினரும் பங்காளிகளும் பார்த்து நிற்க, தோற்றால் அன்றே முடிந்தது என்ற நிலையில் சிறுவயது முதலே ஆடுகின்றனர். மற்றவர்க்கு வாழ்வில் இரண்டு மூன்று முறை நேரும் தீர்வாட்டம் இவர்களுக்கு ஆண்டுதோறும் நேர்கிறது. பதற்றம் பழகிப் போகிறது. சால்ட் லேக்கின் ஆர்ப்பரிப்பு அவர்களுக்கு முற்றிலும் புதியது அன்று.

ஆனால் அந்த மணலுக்கே இன்று ஆபத்து நேர்ந்துள்ளது. பொழியூர்க் கரையைக் கடல் அரித்து வருகிறது. வீடுகள் இடிந்திருக்கின்றன; நீரோடியை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையும் அலைகளுக்கு இரையாகியிருக்கிறது. வீட்டிற்கே இடமில்லாதபோது விளையாட்டிற்கு இடம் கேட்பது எவ்வாறு என்று சிலர் வினவலாம். வீடு போன பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் செல்வம் சிலபோது அவ்விளையாட்டு ஒன்றே என்பதை மறத்தலாகாது. முன்னாளில் திருவனந்தபுரத்தில் டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகள் இளைஞர்க்கு ஆட்டமும் வேலையும் சேர்த்து அளித்தன. அவ்வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. அத்தகைய வாயில்கள் குறையும்தோறும், பதினெட்டு வயதில் பந்தா வலையா என்ற வினா அக்கரை இளைஞர் முன் கடுமையாய் எழுகிறது. அவர்களுக்கு உண்மையான தீர்வாட்டம் அதுவே.

எல்லையும் தன் பங்கிற்கு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. ஒரே குடும்பத்தின் கிளைகள் கோட்டின் இருபுறமும் இருக்க, ஒருவர் கேரளச் சீருடையை நாடுகிறார். மற்றொருவர் தமிழ்நாட்டுச் சீருடையை நாடுகிறார். கேரளம் ஏழுமுறை சந்தோஷ் கோப்பையை வென்றிருக்க, தமிழ்நாடு இன்னும் ஒருமுறையும் வென்றதில்லை. தமிழக மகளிரோ 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வென்று வழிகாட்டியுள்ளனர். ஒரே மணலில் வளர்ந்த கால்கள் ஒருபுறம் கோப்பையும் மறுபுறம் வெறுங்கையுமாய் நிற்பதற்கு மண் காரணம் ஆகாது. அடுத்தடுத்துப் போட்டிகள், பயிற்சியாளர், பணி வாய்ப்பு ஆகிய ஏற்பாடுகளின் வேறுபாடே காரணம் என்று கருத இடமுண்டு. சைமன் சுந்தரராஜ் அன்று எல்லை கடந்து கொண்டு சென்றது அத்தகைய ஏற்பாட்டையே.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்கள் தம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் மைதானத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே நகராட்சிக் கோப்பையோ பள்ளிக் கோப்பையோ எதுவாயினும் ஒருநாள் அரையிறுதி வரும். அன்று பிள்ளையிடம் ‘வென்று வா’ என்று மட்டும் கூறினால் போதாது. அதற்கு முன்னரே, மாலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் வீடு திரும்ப எண்ணும் வேளையில், இன்னும் ஐந்து உதை உதைத்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தி வைத்தல் வேண்டும். பொழியூரின் மணலிலிருந்து கொல்கத்தாவின் அரங்குவரை சென்ற அந்நான்காம் உதை அப்படிப்பட்ட மாலைகளில்தான் பிறந்திருக்கும். கோட்டின் எப்புறத்தில் பிறந்தவர்க்கும் பன்னிரண்டு கெஜம் பன்னிரண்டு கெஜமே.